ஆர்கன் இசையும் கத்தோலிக்க வழிபாடும்: பிரெஸ்கோபால்டியின் ‘இசை மலர்கள்’

ஜிரோலமோ பிரெஸ்கோபால்டி (1583–1643) இத்தாலியின் பெராரா நகரில் பிறந்தவர். 1608 முதல் ரோம் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1635இல் வெனிசில் அச்சான அவரது ‘பியோரி மியூசிகாலி’ (இசை மலர்கள்) மூன்று திருப்பலிகளுக்கான ஆர்கன் இசைத் தொகுப்பு ஆகும். தொடக்கக்கால பரோக் இசையைத் திருச்சபையின் கோட்பாடு எவ்வாறு வடிவமைத்தது என்பதற்கு இது தக்க சான்று.

சீர்திருத்த இயக்கத்துக்கு எதிர்வினையாகக் கூடிய டிரென்ட் பொதுச்சங்கம், ஆர்கனிலோ பாடலிலோ சிற்றின்பச் சாயல் கலக்கக் கூடாது என்று 1562இல் ஆணையிட்டது. 1600இல் வெளியான ஆயர்களுக்கான சடங்கு நூல், ஆர்கன் எப்போது ஒலிக்கலாம், எப்போது அடங்க வேண்டும் என்று வரையறுத்தது. தவக்காலத்தில் பெரும்பாலும் மௌனம். மற்ற நாட்களில் பாடகர் ஓர் அடியைப் பாட, அடுத்த அடிக்கு ஈடாக ஆர்கன் ஒலிக்கும். அந்த அடியின் சொற்களும் விடுபடாமல் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். இசை சொல்லை விழுங்கிவிடக் கூடாது என்பதே அச்சம்.

இந்த முறையால்தான் தொகுப்பின் இரக்க மன்றாட்டுப் பகுதிகள் மிகச் சிறியவையாக உள்ளன. இசைத்தட்டில் அவற்றை மட்டும் தொடர்ந்து கேட்பவருக்குத் துண்டு துண்டாகத் தோன்றும். அது குறையன்று; இடையில் வர வேண்டிய பாடல் அங்கே இல்லை என்பதே காரணம். நீண்ட பகுதிகளை இடையிலேயே முடித்துக்கொள்ளவும் ஆசிரியர் முன்னுரையில் இசைவு தருகிறார். பீடத்தில் நடக்கும் சடங்கே கால அளவைத் தீர்மானித்தது.

கோட்பாட்டின் தாக்கம் எழுந்தேற்றத்துக்கான தொக்காத்தாக்களில் மிகத் தெளிவு. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பதை டிரென்ட் சங்கம் 1551இல் உறுதிசெய்தது. அந்த நேரத்துக்கு ஆர்கன் கனமாகவும் இனிமையாகவும் ஒலிக்க வேண்டும் என்பது விதி. பிரெஸ்கோபால்டி இங்கே ஆட்டத்தாளத்தை விலக்குகிறார். ஒவ்வாத சுரங்களை நெடுநேரம் நிறுத்தி, மெல்லத் தீர்க்கிறார். சொல்லால் விளக்க முடியாத மறைபொருளைக் காத்திருப்பாகவே உணர்த்துகிறார்.

ஆயினும் இதை வெறும் கட்டளைக் கலை என்று ஒதுக்க முடியாது. மாதா திருப்பலியின் இறுதியில் பெர்கமாஸ்கா, ஜிரோல்மெத்தா என்னும் மக்கள் வழக்கிலிருந்த மெட்டுகளை எடுத்து நுட்பமான பல்குரல் இசையாக்குகிறார். தெருவில் ஒலித்தது ஆலய இசைத் தொகுப்புக்குள் வருகிறது, ஒழுங்கும் கெடவில்லை.

இதே திருச்சபை மரபில் வந்த இத்தாலியர் வீரமாமுனிவர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் போற்றிய மாதாவின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் கோயில் அம்மனுக்கும் அதே பெயர். 1726இல் நிறைவேறிய தேம்பாவணி நாட்டுப்படலம், நகரப்படலம் எனத் தமிழ்க் காப்பிய மரபில்தான் தொடங்குகிறது. கோட்பாடு ரோமிலிருந்து வந்தது. அதற்கு உருவம் தந்தது அந்தந்த மண்.

லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த பாக், ‘இசை மலர்கள்’ நூலின் படி ஒன்றை 1714இல் தம்மிடம் வைத்திருந்தார். டிரென்ட் சங்கத்தை ஏற்காத ஒருவரும் அதன் விதிகளுக்குள் பிறந்த இசையிலிருந்து கற்க விரும்பினார். எனவே மாணவர்கள் இத்தொகுப்பைத் திருப்பலியின் வரிசையோடு பொருத்திக் கேட்பது நலம்; அதன் சுருக்கமும் நிறுத்தமும் அப்போதுதான் பொருள்படும்.