ஸ்ரீஹரிகோட்டா: ராக்கெட்டும் பூநாரையும்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மணல் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் இங்கிருந்து ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. 2023-இல் சந்திரயான்-3 புறப்பட்டதும் இங்கிருந்துதான். ஏவுதளத்துக்கு ஆள் நடமாட்டமில்லாத கரை வேண்டும். கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் அதேதான் வேண்டும். ராக்கெட்டையும் உயிரினங்களையும் சேர்த்துப் பார்ப்பதே இந்தத் தீவை ரசிக்கும் முறை.

எப்போது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் ஏவுதல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏரியில் வலசைப் பறவைகள் இருக்கும் காலம் அது. பார்வையாளர் மாடத்துக்கு இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு அவசியம்.

ஏரியில்

சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கூட்டத்தை மொத்தமாகப் பார்த்துவிட்டு நகராமல், ஒரேயொரு பூநாரையைப் பைனாகுலரில் பிடித்து நிறுத்துங்கள். காலால் சேற்றைக் கிளறும். பிறகு தலையைக் கவிழ்த்து, மேல் அலகு அடியில் வரும்படி நீரில் வைக்கும். நாக்கு நீரை இழுத்து வெளியே தள்ள, அலகோரச் சல்லடையில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். இறகுக்கு இளஞ்சிவப்பு தருவதும் அந்த இரைதான். சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம்பறவைகள். நேரமிருந்தால் அருகிலுள்ள நேலப்பட்டு சரணாலயத்தில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களையும் பாருங்கள்.

ஏவும்போது

முதலில் வருவது ஒளி. ஓசை பின்னால்தான் வரும். கிலோமீட்டருக்குச் சுமார் 3 விநாடி. நெருப்பு தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, ஓசை எட்டியதும் மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். கிளம்புவது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் என்றால் வெண்புகைத் தடத்தைக் கவனியுங்கள். அது திட எரிபொருளின் புகை. இரண்டு நிமிடத்துக்குள் அந்தத் தடம் அறுபடும். முதல் கட்டம் கழன்று, திரவ எரிபொருளில் ஓடும் இரண்டாம் கட்டம் பொறுப்பேற்றுவிட்டது என்று பொருள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இதைக் கண்ணால் பாருங்கள்.

ஏரிச் சாலையில் ஹாரன் வேண்டாம். படத்துக்காகச் சேற்றில் இறங்கிப் பறவைகளைக் கலைக்கவும் வேண்டாம். ஏவுதல் சில நேரம் தள்ளிப்போகும். அப்படியானாலும் பயணம் வீணில்லை. ஏரியில் ஒரு நாள் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது.