மற்போரும் மல்லாடலும்

மல் என்பது வலிமையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மல்லல் என்பதற்கு வளம் என்று பொருள் கூறுவார் தொல்காப்பியர். மற்போர் செய்வோன் மல்லன். இவையெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிந்தவையே. ஆயினும் இவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு எம்மைத் தூண்டியது ஏடு அன்று. ஒரு சிறுவனின் முறிந்த கை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை இடைவேளையில், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றின் திடலில் மாணவர் இருவர் 'ரெஸ்லிங்' ஆடினர். ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டான். விழுந்தவன் கையைப் பற்றிக்கொண்டு அலறினான். சூழ நின்ற பிள்ளைகள் உதவிக்கு ஓடவில்லை; கை தட்டினர். ஒருவன் மண்டியிட்டுத் தரையில் அறைந்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணவும் செய்தான். ஏன் உதவவில்லை என்று பின்னர் வினவினோம். 'அவன் நடிக்கிறான் என்று நினைத்தோம், ஐயா' என்றனர். அவ்விடையின் வேரைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

அப்பிள்ளைகள் முதல்நாள் கண்டது 'ரெஸில்மேனியா' என்னும் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தப் பெருவிழா. 1985 மார்ச் 31-ஆம் நாள் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் இது முதன்முதல் நடைபெற்றது. அன்று பிற ஊர்த் திரையரங்குகளிலும் கட்டணம் பெற்றுக் காட்டினர். பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே தனிக்கட்டணம் செலுத்திக் காணும் காட்சியாக வளர்ந்தது. 2020 முதல் இரண்டு நாள் விழா. அமெரிக்காவின் சனி, ஞாயிறு இரவுகள் நமக்கு ஞாயிறு, திங்கள் காலைகள். சித்திரைப் பௌர்ணமிக்கு நம் ஊர் காத்திருப்பதுபோல், இதற்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உளர். 2026-க்கு லாஸ் வேகாஸ், 2027-க்கு ரியாத் என்று விழா நடைபெறும் ஊர்களும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. ஊர் மட்டுமன்று, வெற்றியும் தோல்வியும்கூட முன்கூட்டியே முடிவு செய்யப்படுபவை என்பதே இங்கு நாம் கருதவேண்டுவது.

'முடிவு தெரிந்த சண்டை பொய்ச்சண்டை. பார்ப்பது வீண்' என்று கூறிக் கையை உதறிவிடுவது எளிது. நம்மில் பலர் வகுப்பில் அவ்வாறே கூறுகிறோம். ஆனால் நம் இலக்கியம் அத்துணை எளிதில் தீர்ப்பளிக்கவில்லை.

புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருத மற்போர் பாடப்பட்டுள்ளது. சாத்தந்தையார் பாடியவை மூன்று; நக்கண்ணையார் பாடியவை மூன்று. ஒரு காலை மார்பில் மடித்து ஊன்றி, மறுகாலால் மல்லனின் சூழ்ச்சியைத் தடுத்து நிற்கும் சோழனைச் சாத்தந்தையார் காட்டுகிறார். இக்காட்சியைத் தந்தை தித்தன் காணவேண்டும், அவன் மகிழினும் சரி, மகிழாவிடினும் சரி என்கிறார். மற்றொரு பாட்டில் அப்போரின் விரைவுக்கு அவர் கூறும் உவமை வியப்புக்குரியது. ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேற்று நேரம், வானத்திலே மழை, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் கை ஊசி எவ்வளவு விரையும்! அவ்விரைவு என்கிறார்.

நக்கண்ணையார் பாட்டு ஒன்று இன்னும் நுட்பமானது. வெற்றி அவனுக்கே என்று ஊரில் ஒரு சாரார் கூறுகின்றனர். இல்லை என்று மறுசாரார் கூறுகின்றனர். காதல்கொண்ட பெண்ணோ பனைமரத்தைச் சார்ந்து நின்று தன் கண்ணாலேயே அவன் வெற்றியைக் காண்கிறாள். முடிவு எவர்க்கும் தெரியாது என்பதே அப்பாட்டின் உயிர். முடிவு முன்பே தெரிந்திருப்பின் ஊர் இருகூறு ஆகுமா? அவள் நெஞ்சு துடிக்குமா? இது மற்போர்.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலுள் ஒன்று 'மல்' என்பது. அவுணனை மாயோன் மல்லனாகி வென்ற கதையை ஆடிக் காட்டுவது அது. அங்கே வெல்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மாயோன் என்றோ வென்றுவிட்டான். முடிவு தெரிந்திருத்தல் அதற்குக் குறையன்று. அதுவே அதன் இலக்கணம். வானுலக விஞ்சையன் ஒருவன் தன் காதலியை உடன் அழைத்து வந்து, இஃது இன்ன ஆடல் என்று ஒவ்வொன்றாகக் காட்டவும் செய்கிறான். இது மல்லாடல்.

ஆகவே தமிழர் இரண்டையும் அறிந்திருந்தனர், இரண்டையும் விரும்பினர், இரண்டுக்கும் வேறுவேறு பெயரும் இட்டனர். குற்றம் ஆடுவதில் இல்லை. ஆடலைப் போர் என்று கூறுவதிலேயே இருக்கிறது.

நம் தோட்டத்து முதியோர் வலியவனைக் கண்டால் 'இவன் பெரிய தாராசிங்' என்பர். பஞ்சாபியராகிய தாராசிங் 1947-இல் சிங்கப்பூர் வந்து, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, 'கிரேட் வோர்ல்ட்' அரங்கில் மல்யுத்தம் பயின்றவர். கிங்காங் என்று பெயர் பெற்ற எமில் சாயாவோடு அவர் மோதிய மோதல்கள் மலாயாவிலும் இந்தியாவிலும் புகழ் பெற்றவை. அதே தாராசிங் 1987-இல் தொடங்கிய 'இராமாயண'த் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்தார். சஞ்சீவி மலையை அவர் ஏந்தியபோது 'மெய்யாகவே தூக்கினாரா?' என்று எவரேனும் கேட்டனரா? இல்லை. அது கூத்து என்று சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டதனாலேயே மக்கள் கைகூப்பினர்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. வருபவன் யார், நடப்பது எது என்று அவையோர்க்கு எடுத்துரைப்பது அவன் கடமை. துரியோதனன் தொடை பிளந்து விழும்போது சிறுவன் அஞ்சினாலும், அருகில் கட்டியங்காரன் நிற்பதால் தெளிவான். அமெரிக்க மல்லரங்கிலும் வருணனையாளர் உண்டு. ஆனால் அவர் தொழில் நேர்மாறானது; ஆடலை மெய்ப்போர் என்று நம்பவைப்பதே அவர் வேலை.

இதை நடத்துவோர் உண்மையை ஒப்புக்கொண்டதும் உண்டு; ஒப்புக்கொண்ட இடந்தான் விந்தை. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின்முன், இது போட்டியன்று, கேளிக்கையே என்றனர். விளையாட்டுத் துறைக் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்கே அவ்வாறு கூறினர். சட்டத்துக்குச் சொன்ன உண்மையை அரங்கில் பார்வையாளர்க்குச் சொல்லவில்லை.

கூத்து என்ற அளவிலேனும் இது தேறுமா? உடற்பயிற்சியில் தேறும், ஐயமில்லை. விழுவதற்கும் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். காயமும் வலியும் மெய்யே. கதையமைப்பில்தான் தளர்ச்சி. இருபது ஆண்டளவு குழந்தைகளின் நாயகனாக விளங்கிய ஜான் சீனா 2025 மார்ச்சில் தீயவனாக்கப்பட்டார். ஏப்ரல் விழாவில் பட்டம் வென்றார். ஆகஸ்டில் மீண்டும் நல்லவரானார். மாற்றத்துக்கு நெஞ்சு ஏற்கும் காரணம் கதையில் இல்லை. நம் கூத்தில் கர்ணன் தீயோர் பக்கம் நின்றான் எனில், செஞ்சோற்றுக்கடன் என்ற காரணம் உண்டு. காரணமுள்ள வீழ்ச்சியே அவலம். காரணமற்றது வெறும் வேடமாற்றம்.

பெயர் மயக்கத்தின் பெருங்கேட்டை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1999 மே 23-ஆம் நாள், கன்சாஸ் நகரக் கட்டணக் காட்சி ஒன்றில், ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது தவறி விழுந்து இறந்தார். இது கதையின் பகுதியன்று என்று வருணனையாளர் வீட்டிலிருந்து காண்போர்க்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியதாயிற்று. அன்று ஒருநாள் அவர் கட்டியங்காரர் ஆனார். அரங்கில் இருந்தவர்க்கோ அவர் இறந்த செய்தி சொல்லப்படவில்லை. காட்சியும் தொடர்ந்து நடந்தது.

நம் பள்ளித் திடலில் கை தட்டிய பிள்ளைகள் கொடியவர் அல்லர். நடிப்பு எது, நோவு எது என்று பிரித்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை, அவ்வளவே. ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று. இக்காட்சியைப் பழித்து ஒதுக்கவேண்டா. ஒதுக்கினால் பிள்ளைகள் மறைவாகக் காண்பர். புறநானூற்றின் மற்போரையும் சிலம்பின் மல்லாடலையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 'நீ நேற்றுக் கண்டது இவ்விரண்டில் எது?' என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு விடை கூறத் தெரியும். தெரிந்த பிள்ளை, தோழன் அலறும்போது எண்ணிக்கொண்டிராது, ஓடிச்சென்று தூக்கும்.