பூட்டு யார் கணக்கில்?

வாடகைச் சட்டத்தைக் கையில் எடுக்கும் பெண் முதலில் படிக்க வேண்டியது அதன் பின்னிணைப்பை. மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளருக்கு. குழாய் வாஷர், கழிப்பறைப் பழுது, சுவிட்ச், சன்னல் கண்ணாடி, கதவின் கைப்பிடி, பூட்டு எல்லாம் குடியிருப்பவருக்கு.

நியாயமான பங்கீடு போலத்தான் தெரிகிறது. ஆனால் பட்டியல் எழுதியவர்களுக்குப் பூட்டு என்பது வாஷரைப் போலத் தேய்ந்துபோகும் ஒரு பொருள். தனியாகக் குடியிருப்பவளுக்கோ அது அன்றிரவுத் தூக்கம். முன்பு குடியிருந்தவரிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்ற அவளுடைய பயத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வீட்டுக்கு வெளியே வந்தால் நிலைமை இன்னும் மோசம். மாடிப்படி விளக்கு, வெளிக்கேட், மொட்டைமாடிக் கதவு போன்ற பொது இடங்களின் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது சட்டம். பதினோரு மாத ஒப்பந்தத்தை உரிமையாளர் தட்டச்சு செய்து நீட்டுவார். நாம் கையெழுத்துப் போடுவோம். பிறகு படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்று சொன்னால் என்ன பதில் வரும்? "நீ ஏம்மா இவ்வளவு லேட்டா வர்ற?" பழுது கட்டடத்தில் இருக்க, விசாரணை நம் நடத்தை மீது.

இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாஷிங்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் காவலை விலக்கிக்கொண்டார்கள். குற்றங்கள் பெருகுவது உரிமையாளருக்குத் தெரியும். 1966இல் அங்கே பொது நடைவழியில் தாக்கப்பட்ட ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். பொதுவழியைப் பாதுகாப்பது உரிமையாளரால் மட்டுமே முடியும், எனவே பொறுப்பும் அவருடையதே என்று 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தாள் என்பதில் அல்ல, நடைவழி யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதில் நின்ற தீர்ப்பு அது.

நம் மாதிரிச் சட்டமும் ஒரு வழி தராமல் இல்லை. உரிமையாளர் தன் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால், நாமே செய்துவிட்டு அடுத்தடுத்த மாத வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. தாளில் நல்ல உரிமைதான். ஆனால், "கல்யாணம் ஆயிடுச்சா, யார் யார் வந்துபோவாங்க" என்ற கேள்விகளையெல்லாம் தாண்டி, முன்பணத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வீடு பிடித்தவள், வாடகையைக் குறைத்துக் கொடுக்கத் துணிவாளா? காலி செய்யச் சொன்னால் அதே கேள்விகளோடு அடுத்த தெருவில் தொடங்க வேண்டும். அந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காத உரிமை, பயமில்லாதவர்களுக்கு மட்டுமே உதவும்.

ஆகவே பூட்டையும் விளக்கையும் கேட்டையும் உரிமையாளரின் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். சட்டம் மாறும்வரை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வோம். அதற்குப் பிறகு கேட்பதை வாய்வார்த்தையாக விடாமல், தேதி போட்டு எழுத்தில் கேட்போம். எழுதிக் கேட்டது இருந்தால், தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.