சிறு அருங்காட்சியகங்களும் மானியத் திட்டங்களும்: பொருட்பதிவேட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

இந்தியாவின் தேசிய, மாநில அருங்காட்சியகங்கள் பேசப்பட்ட அளவுக்கு மாவட்டம், வட்டம், ஊர் ஆகிய நிலைகளில் இயங்கும் சிறு அருங்காட்சியகங்கள் பேசப்படவில்லை. கல்வெட்டு, நடுகல், ஓலைச்சுவடி, புழங்குபொருள் எனத் தமிழாய்வுக்கு வேண்டிய முதன்மைச் சான்றுகள் இத்தகைய இடங்களிலும் உள்ளன. இவற்றின் மேம்பாட்டுக்கென வகுக்கப்பட்ட உதவித் திட்டங்கள் எதனை மேம்பாடு எனக் கொள்கின்றன என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டங்களின் போக்கு

மார்க்காம், ஹார்கிரீவ்ஸ் ஆகிய இருவரும் 1936இல் வெளியிட்ட ஆய்வறிக்கை 105 அருங்காட்சியகங்களைக் கணக்கில் கொண்டது. நிதிக் குறைவும் பயிற்சி பெற்ற பணியாளர் இன்மையும் அன்றே சுட்டப்பெற்றன. விடுதலைக்குப் பின்னர் நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம் வட்டார, உள்ளூர் அருங்காட்சியகங்களுக்கென நிதியுதவித் திட்டத்தை வகுத்தது. பின்னர் அது அருங்காட்சியக மானியத் திட்டமாக விரிந்தது. புதிய அருங்காட்சியகம் அமைத்தல், இருப்பவற்றை மேம்படுத்துதல், பொருள்களை எண்ணிமப்படுத்துதல், பணியாளர்க்குப் பயிற்சி அளித்தல் ஆகியன இதன் கூறுகள். மாநில அரசுகளே அன்றிப் பதிவுபெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்க இயலும் என்பது இதன் சிறப்பு.

ஆயினும் மானியம் என்பது திட்டப்பணிக்கு உரியது. பணி முடிந்ததும் அதன் கணக்கும் முடிந்துவிடும். கட்டடமும் காட்சிப்பேழையும் விளக்கொளியும் கணக்கில் காட்டத்தக்கவை. அவற்றை ஒளிப்படத்தில் காணலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். ஒரு பொருள் எந்த ஊரில், எந்த நிலையில், யாரால் கண்டெடுக்கப்பட்டது என்பதை எழுதிவைக்கும் பணியோ ஆண்டு முழுவதும் தொடர வேண்டியது. அதற்குரிய காப்பாட்சியர் இல்லாத இடத்தில் புதிய கட்டடம் பெயரறியாப் பொருள்களின் கிடங்காகவே அமையும்.

எண்ணிமப்படுத்தலும் இக்குறையைத் தானே தீர்த்துவிடாது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருள் பயன்மிக்கதே. எனினும், பதிவேட்டில் ஊர்ப்பெயர் பிழையாக இருப்பின் அப்பிழையே கணிப்பொறிக்கும் செல்லும். இந்தியத் தொல்லியல் துறையிடமே தன் வசமுள்ள தொல்பொருள்களின் சரியான எண்ணிக்கையைக் காட்டும் தரவுத்தொகுதி இல்லை என இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. பெரிய நிறுவனத்தின் நிலை இதுவாயின் ஓரிரு பணியாளரைக் கொண்ட சிறு நிறுவனத்தின் நிலையை உய்த்துணரலாம்.

பதிவு காத்த பொருள்

பதிவின் மதிப்பை ஆதகூர் நடுகல் நன்கு உணர்த்தும். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இடம்பெற்ற இக்கல் பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்தது. காட்டுப்பன்றியுடன் பொருது மடிந்த காளி என்னும் வேட்டை நாயின் நினைவாக நடப்பெற்றது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியையும் இக்கன்னடக் கல்வெட்டே கூறுகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லில் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயை அறிந்த தமிழாய்வாளர்க்கு இவ்விரு கற்களும் ஒப்பாய்வுக்கு உரியன.

ஆதகூர்க் கல்லின் ஊரும் வாசகமும் பதிவாகி, கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறியமையாலேயே இவ்வொப்பீடு இயல்வதாயிற்று. “நடுகல், பத்தாம் நூற்றாண்டு” என்ற ஒற்றை வரியோடு அது நின்றிருப்பின், சோழர் வரலாற்றுக்கும் நடுகல் ஆய்வுக்கும் அது ஊமைக் கல்லே. சிறு அருங்காட்சியகத்திற்கு வரும் கல் ஒவ்வொன்றும் இத்தகைய இழப்பின் வாயிலில் நிற்கிறது. மண்ணிலிருந்து பெயர்க்கப்படும் நாளில் ஊர்ப்பெயரை எழுதத் தவறினால் பிற்காலத்து மானியம் எதுவும் அதனை மீட்டுத் தர இயலாது.

சுவடித் துறையின் முன்மாதிரி

2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடி இயக்கம் நாடெங்கும் சுவடிகளைக் கணக்கெடுப்பதையும் விளக்கப் பட்டியல் அமைப்பதையும் தன் அடிப்படைப் பணியாகக் கொண்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கமும் ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து ஆவணப்படுத்துதலையும் பாதுகாத்தலையும் இலக்காகக் கூறுகிறது. அவற்றின் நிறைகுறைகள் தனியே ஆராயத்தக்கன. எனினும், இருப்பதை முதலில் எண்ணுதல் என்னும் வரிசைமுறை அருங்காட்சியகங்களுக்கும் பொருந்துவதாகும்.

முடிவுரை

சரிபார்க்கப்பட்ட பொருட்பதிவேட்டை முதல் தவணையின் பயனாகவும், கட்டடத்தை அடுத்த தவணையின் பயனாகவும் கொள்ளும் முறை மேம்பாட்டின் பொருளையே மாற்றும். பதிவாளர் ஒருவரின் சில ஆண்டு ஊதியமும் மேம்பாட்டுச் செலவே எனக் கொள்ளப்பட வேண்டும்.

இதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. 1905இல் வெளிவந்த ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் பெங்களூர், கோலார்த் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றுள் எவை இன்றும் தத்தம் ஊரில் உள்ளன, எவை அருங்காட்சியகங்களை அடைந்துள்ளன என்று தொகுதி எண்ணோடு ஒப்பிட்டுப் பட்டியலிடுவது முதுகலை மாணவரும் செய்யத்தக்க களப்பணி. தமிழ் எழுத்தைப் படிக்கவல்லோர் இல்லாத சிறு அருங்காட்சியகத்திற்கு அப்பட்டியலைவிடப் பெரிய உதவி வேறில்லை எனலாம்.