அச்சு மாற்றத்தில் மிச்சம் எங்கே?

கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் கண்ணில் தேயிலைக்கு அடுத்தபடியாகப் படுவது பழைய லேண்ட்ரோவர். ரிங்லெட் தொடங்கி கம்போங் ராஜா வரை முட்டைக்கோஸ் கூடையும் உர மூட்டையும் சுமந்து அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வண்டி அறிமுகமானது. மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் பல, பிறகு விவசாயிகள் கைக்கு வந்தன. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் இதன் கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மலை மழையில் அந்தக் கூடு பல பத்தாண்டுகள் நிற்கிறது. அடியிலுள்ள எஃகு அச்சும் அதனுள் சுழலும் ஷாஃப்டும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அச்சு மாற்றும் பழக்கம் இங்கே வேரூன்றியது அதனால்தான்.

புது அச்சு வாங்கிப் போடுகிறவர் அரிது. பழைய சாமான் கடையிலும், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் ஹாஃப்-கட்டிலும், எங்கோ கொட்டகையில் ஓடாமல் கிடக்கும் வண்டியிலும் தேடி எடுத்துப் பொருத்துவதே வழக்கம். இதைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்குவது அநியாயம். தோட்டத்துப் பட்டறைகளில் கைவேலையாகக் கற்று, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த நம்மவர் அறிவு இதற்குள் இருக்கிறது. அதன் வழிவந்த பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டரின் தயாரிப்பும் 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில் முடிந்துவிட்டது. காய்கறி விலை ஏறி இறங்கும் ஊரில், புதிய வண்டி வாங்கிக்கொள் என்று ஒரு விவசாயியிடம் சொல்வது எளிது, அவர் வாங்குவது எளிதல்ல. பழைய சாமானில் அச்சு மாற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மிச்சம் பிடிக்கிற இடம் பல வண்டிகளில் தவறாக இருக்கிறது. அச்சின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அந்த அச்சு வண்டியின் மற்ற பாகங்களை என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை.

முதலில், எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். சீரிஸ் எனப்படும் பழைய லேண்ட்ரோவர்களின் ரோவர் அச்சில் டிஃப்ரன்ஷியலுக்குள் நுழையும் ஷாஃப்ட் முனையில் 10 பற்கள்தான். தொடக்ககால நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் இடத்தில் கனமான ஜப்பானிய டீசல் எஞ்சினை வைத்து, பின்பக்கம் பாரமும் ஏற்றி, சேற்றில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் ஷாஃப்ட் முறிகிறது. பெரும்பாலான ரோவர் அச்சுகளுக்கு ஒரு பெரிய குணம் உண்டு: சக்கரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல, ஹப். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. உடைந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு முன் சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம்.

அதே வண்டிக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. மலையில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீரிஸ் லேண்ட்ரோவரின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மில் இருக்கிறது. அங்கிருந்து டிஃப்ரன்ஷியல், ஷாஃப்ட் வழியாகத்தான் அதன் பிடி சக்கரத்துக்குப் போகிறது. ஆக, பின் ஷாஃப்ட் ஒன்று முறிந்தால் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு வைத்திருந்தால்தான் முன் அச்சு பிடிக்கும். தேயிலைச் சரிவில் இழுத்து நிறுத்திய வண்டிக்குக் கீழே இலை பறிக்கிறவர்கள் நிற்பார்கள். ஷாஃப்டில் பணம் மிச்சம் பிடிப்பதென்றால் அந்த உயிர்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

இனி மாற்று வழிகள். என் கணிப்பில் மிகச் சிறந்தது, 109 அங்குல நீள வண்டியிலிருந்து கழற்றிய சாலிஸ்பரி பின் அச்சு. அதன் ஷாஃப்டும் கிரவுன்-பினியனும் ரோவரைவிட மிகவும் வலிமையானவை. ஆஸ்திரேலிய ராணுவத்துக்காக 3.9 லிட்டர் இசுசு டீசல் எஞ்சினோடு செய்த ‘110’ ரக லேண்ட்ரோவர்களுக்கும் பின்னால் சாலிஸ்பரிதான் கொடுத்தார்கள். சீரிஸ் 3 காலத்துச் சாலிஸ்பரியில் பல்விகிதம் 4.7, சாதாரண ரோவர் அச்சிலும் அதே 4.7. எனவே முன் அச்சைத் தொட வேண்டியதில்லை. 11 அங்குல பிரேக் டிரம்மும் கூடவே வருகிறது. 88 அங்குலக் குட்டை வண்டியில் போடுகிறவர்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டை நீளம் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும், பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும். இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.

சாலிஸ்பரியில் குறை இல்லாமல் இல்லை. பாரம் அதிகம். டிஃப்ரன்ஷியல் உருண்டை பெரிது என்பதால் பாதையின் நடுமேட்டில் இடிக்கும். பட்டறைக்கு உறுத்துவது வேறொன்று. ரோவர் டிஃப்ரன்ஷியலை ஷாஃப்டுகளை உருவி, நட்டுகளைக் கழற்றி, ஒரே கட்டாக வெளியே எடுத்துவிடலாம். கொட்டகையிலேயே முடிகிற வேலை அது. சாலிஸ்பரியில் எல்லாமே கூட்டுக்குள் பொருந்தியிருக்கும். பேரிங் மாற்ற வேண்டுமென்றால் கூட்டை விரிக்கும் கருவி, ஷிம் அளவு, பொறுமை எல்லாம் வேண்டும். ஆகவே கழற்றிய சாலிஸ்பரியை வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் போல்ட்டில் மினுக்கும் இரும்புத் தூள் என்றால் பரவாயில்லை, சில்லு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, பலரும் மயங்கும் மலிவு வழி. 1970இல் வந்த ரேஞ்ச்ரோவரின் டிஃப்ரன்ஷியல், பழைய சீரிஸ் அச்சுக் கூட்டில் அப்படியே உட்காரும். பற்களும் அதே 10. வெல்டிங் இல்லை, வெட்டுதல் இல்லை. சமவெளியில் இதைச் செய்தவர்கள் எஞ்சின் இரைச்சல் குறைந்தது, எண்ணெய் மிச்சமானது என்று மெச்சுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதன் விகிதம் 3.54. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை கால்பங்கு குறையும். உர மூட்டையோடு செங்குத்தில் கிளம்பும்போது அந்தச் சுமை கிளட்சின் தலையில் விழுகிறது. இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் அதே அளவு குறைகிறது. தாப்பா சாலையின் வளைவுகளில் பழைய டிரம் பிரேக் மட்டும் சூடேறிக்கொண்டே போகும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். அது 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 80இல் போய்க்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமானது, பணம் மிச்சம் என்று பின்னால் மட்டும் 3.54ஐப் போட்டுவிட்டு முன்னால் 4.7ஐ விட்டுவைப்பது. சீரிஸ் வண்டியில் முன்னும் பின்னும் சமப்படுத்த நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இழுவையைப் போட்ட நிமிடம் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், ஏதாவது ஒன்று நொறுங்கும். முன்பே சொன்னதுபோல், சரிவில் நான்கு சக்கர இழுவைதான் ஹேண்ட்பிரேக்குக்குக் கடைசித் துணை. அதையும் இழந்த வண்டியை மலையில் ஓட்டக் கூடாது. ரேஞ்ச்ரோவர் டிஃப்ரன்ஷியலைப் பெரும்பாலும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வரும் வண்டியில், முன்னும் பின்னுமாகப் போடலாம். தோட்டத்துக்குள் பாரம் ஏற்றும் வண்டியில் போடவே கூடாது என்பது என் முடிவு.

காயில் ஸ்பிரிங் வண்டியின் முழு அச்சையும் கழற்றி, டிஸ்க் பிரேக்கோடு மாட்டுகிறவர்களும் உண்டு. பிரேக் நிச்சயம் மேம்படும். ஆனால் அது சீரிஸ் அச்சைவிடச் சுமார் 18 சென்டிமீட்டர் அகலம். தேயிலைச் செடிகளுக்கு இடையே ஒற்றையடியாக வெட்டிய பாதையில் அந்த அகலம் தொல்லை தரும். பட்டை ஸ்பிரிங் உட்கார அச்சுக் குழாயில் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டில் குழாய் கோணினால் எண்ணெய் சீல் நிற்காது, பேரிங் தின்றுகொண்டே போகும். ஜப்பானிய பிக்கப் அச்சு மிக எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஹைலக்ஸ் போன்றவற்றின் பின் அச்சில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே ஷாஃப்ட்தான், அது முறிந்தால் சக்கரமே விலகும். சக்கர போல்ட்டும் ஐந்துக்குப் பதில் ஆறு. நான்கு ரிம்மும் ஸ்பேரும் மாற்றிய பிறகு மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதில் மிச்சம் பிடிக்கலாம்? அச்சுக் கூடு, ஹப், டிரம், ஸ்பிரிங் பிளேட் எல்லாம் பழையதாகவே இருக்கட்டும். கோணல் இல்லாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். கழற்றும் வேலையை நாமே செய்தால் கூலியும் மிச்சம். ஷாஃப்ட், பேரிங், சீல், பிரேக் சிலிண்டர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் மட்டும் பழையதும் வேண்டாம், பெயர் தெரியாத போலியும் வேண்டாம். பழைய ஷாஃப்டின் பற்கள் லேசாக முறுக்கியிருந்தால் அது ஏற்கெனவே பாதி உடைந்தது என்று வையுங்கள். அச்சுக் கூட்டின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசே ஆகாது. ஆனால் அதைப் பார்க்காவிட்டால் புது சீலும் எண்ணெய் கக்கும்.

சட்டப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மலேசியாவில் சாலையில் ஓடும் வண்டி 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சு மாற்றியதைச் சொல்லாமல் காப்புறுதி எடுத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு அந்தத் தொகையை நம்புவது வீண். பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்கு லேண்ட்ரோவரில் சுற்றுப்பயணிகளை ஏற்றிப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பின்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வண்டியின் அச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சு மாற்றிய வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்த அன்றே சாலையில் இறக்கிவிடாதீர்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி, ஆள் நடமாட்டமில்லாத சரிவில், சக்கரத்துக்கு இரண்டடி கீழே கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள். வண்டி நகர்ந்தால் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.