கரப்பு இடம் மாறும்போது: பிரித்தானியச் செய்தி வினாடிவினா நிகழ்ச்சியில் அங்கதத்தின் எல்லை

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது சொல்லுக்குள் மறைத்து வைத்த பழி. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு இன்றைய தொலைக்காட்சிப் பகடிக்கும் பொருந்துமா என்னும் வினாவுக்கு, பிபிசியின் 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' நிகழ்ச்சி தக்க சான்றாகும். ஹாட் ட்ரிக் நிறுவனம் தயாரிக்கும் இந்நிகழ்ச்சி 1990 செப்டம்பர் 28 அன்று பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கியது. 2000இல் முதல் அலைவரிசைக்கு மாறியது.

வடிவம் எளியது. இரண்டு அணிகள், ஒவ்வோர் அணியிலும் நிலையான தலைவர் ஒருவர், வாரந்தோறும் மாறும் விருந்தினர் ஒருவர், நடுவில் நடத்துநர். அவ்வாரச் செய்திகளைப் பற்றிய வினாக்கள், நான்கு படங்களில் பொருந்தாததைச் சுட்டுதல், தலைப்புச் செய்தியில் விடுபட்ட சொல்லை நிரப்புதல் என்பன அதன் சுற்றுகள். 1977 முதல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பாகிவந்த 'தி நியூஸ் குவிஸ்' இதற்கு முன்னோடி. மதிப்பெண் சொல்லப்படுகிறது, அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வினா இங்கே விடையைத் தேடுவதில்லை; நேரடியாகச் சொல்ல முடியாத பழியைச் சொல்லுவதற்கான போர்வையாகவே நிற்கிறது. அவ்வகையில் வினாடிவினா என்னும் வடிவமே ஒரு பழிகரப்பு.

தொடங்கிய காலமும் கருதத்தக்கது. பிரித்தானிய மக்களவை நடவடிக்கைகள் தொலைக்காட்சிக்குள் வந்தது 1989 நவம்பரில்தான். மறு ஆண்டு நவம்பரில் மார்கரெட் தாட்சர் பதவி விலகினார். அரசியல்வாதியின் முகமும் தடுமாற்றமும் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்ட அந்தச் சூழலில் பகடிக்கு மூலப்பொருள் தட்டுப்பாடில்லை. அணித்தலைவர்களுள் இயன் ஹிஸ்லப், 1986 முதல் 'பிரைவேட் ஐ' என்னும் அங்கத இதழின் ஆசிரியர். அவதூறு வழக்குகளை நன்கறிந்தவர். எதிரணித் தலைவர் பால் மெர்ட்டனோ செய்தியையே விட்டுவிட்டுக் கற்பனையில் அலைபவர். ஒருவர் குற்றம் சாட்ட, மற்றவர் அதைக் குலைத்து விளையாடுவார். நிகழ்ச்சியின் நீண்ட ஆயுளுக்கு இந்த முரணே முதற்காரணம் எனலாம்.

'குற்றச்சாட்டின்படி' என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லைப் பழிக்குப் பின் ஒட்டிவிடுவது நிகழ்ச்சியின் வழக்கமாயிற்று. சட்டத்துக்கு அஞ்சுவதுபோல் நடித்துச் சட்டத்தையே நகையாடும் உத்தி இது. ஆனால் போர்வை எப்போதும் காக்கவில்லை. ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன்கள் விசாரணைக்குக் காத்திருந்தபோது, 1994இல் அவர்களைப் பற்றி நிகழ்ச்சியில் சொல்லப்பட்டவை நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்ப்பாகிப் பிபிசிக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தலா 10,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. சகோதரர்கள் இருவரும் விசாரணையின் முடிவில் விடுவிக்கப்பட்டனர் என்பதை நினைத்தால், அந்தத் தீர்ப்பைப் பகடிக்கு எதிரான அடக்குமுறை என்று மட்டும் படிப்பது பொருந்தாது.

இலக்கு அங்கு இல்லாதபோது பகடி கூர்மையாக இருந்திருக்கிறது. தொழிற்கட்சியின் ராய் ஹாட்டர்ஸ்லி 1993 ஜூனில் வராமற்போகவே, அவரது இருக்கையில் பன்றிக்கொழுப்பு டப்பா ஒன்று வைக்கப்பட்டது. தன்னையே இலக்காகக் கொண்ட தருணமும் உண்டு. நடத்துநர் ஆங்கஸ் டேட்டனின் தனிவாழ்வு 2002இல் நாளிதழ்களில் செய்தியானபோது, அணித்தலைவர்கள் இருவரும் அவர் முன்னிலையிலேயே அதை எடுத்து விளாசினர். மேலும் செய்திகள் வரவே, அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். செய்தியை வினவுபவரே செய்தியாகிவிட்டால் அந்த நாற்காலி நிலைக்காது. அதன்பின் நிலையான நடத்துநர் இல்லை. வாரம் ஒரு விருந்தினர் நடத்துகிறார்.

அந்த மாற்றத்தால் திறந்த கதவு வழியே வந்தவர்களுள் போரிஸ் ஜான்சனும் ஒருவர். 1998 ஏப்ரலில் அவர் முதன்முதலாகப் பங்கேற்றபோது ஹிஸ்லப் ஒரு பழைய தொலைபேசி உரையாடலைக் கிளறினார்: செய்தியாளர் ஒருவரைத் தாக்கச் செய்ய எண்ணிய நண்பர், அவருடைய முகவரியைத் தேடித்தரும்படி ஜான்சனிடம் கேட்ட உரையாடல் அது. வினா செம்பொருள் அங்கதம், போர்வையே இல்லை. ஜான்சன் திணறினார், சிரித்தார், தன்னைத்தானே கேலிப்பொருளாக்கிக்கொண்டார், அவையும் சிரித்தது. இங்கேதான் கரப்பு இடம் மாறுகிறது. பழிப்பவன் கையில் இருந்த போர்வை பழிக்கப்படுபவன் கைக்குப் போய்விடுகிறது. பின்னர் அவர் நடத்துநராகவும் பலமுறை அமர்ந்தார்; அப்பணிக்காக 2004இல் பாஃப்டா விருதுப் பரிந்துரையும் பெற்றார். 2008இல் லண்டன் மேயர்; 2019இல் பிரதமர்.

நாவலாசிரியர் ஜோனதன் கோ 2013இல் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, இந்தச் சிரிப்பு அரசியல்வாதியைக் காயப்படுத்தாமல் காக்கிறது என வாதிட்டது. வாதம் வலுவானது; ஆயினும் ஜான்சனின் எழுச்சி முழுவதையும் ஒரு நிகழ்ச்சியின் கணக்கில் எழுதுவது மிகை. இதழியலும் கட்சியும் அவருக்கு அளித்த மேடைகள் சிறியவை அல்ல. மேலும், அந்தத் தொலைபேசி வினா பெருந்திரளான பார்வையாளர் முன் கேட்கப்பட்டது இதே அரங்கில்தான். குறை வினாவில் இல்லை. மழுப்பலுக்குப்பின் அடுத்த வினாவுக்கு நகர்ந்தே ஆகவேண்டிய வடிவத்தில் இருக்கிறது. நாடாளுமன்றக் குழுவோ நீதிமன்றமோ விடை கிடைக்கும்வரை நிற்கும். வினாடிவினா நிற்காது, அதற்கு அடுத்த சுற்று உண்டு.

விருந்தினர் நாற்காலியின் அரசியல் மதிப்பைப் பிபிசியே ஒருமுறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2019 மே 10 அன்று ஒளிபரப்பாகவிருந்த பகுதியில் 'சேஞ்ச் யூகே' கட்சியின் இடைக்காலத் தலைவர் ஹைடி ஆலன் விருந்தினர். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில் ஒரு கட்சித் தலைவருக்கு மட்டும் இவ்விடம் தருவது நடுநிலைக்கு ஒவ்வாது என்று கூறி, கடைசி நேரத்தில் அப்பகுதி நிறுத்தப்பட்டது. கேலிக்குள்ளாவதற்காக அமர வைக்கப்படும் நாற்காலி தேர்தல் காலத்தில் சலுகையாகக் கருதப்பட்டது. தேர்தல் இல்லாத மாதங்களில் அது என்னவாகக் கருதப்பட்டது என்பதற்கு அந்த முடிவில் விளக்கமில்லை.