சொல்லால் எழுந்த அறை: லாம்ப்டாமூ மெய்நிகர் உலகில் அறைகட்டலும் அணிசெய்தலும்

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகர் உலகங்களில் பயனர்கள் கட்டும் அறைகளை வடிவமைப்பாகவோ நுகர்வாகவோ மட்டும் காணும் போக்கு மிகுந்துள்ளது. 1990இல் தொடங்கப்பெற்ற லாம்ப்டாமூ உலகின் அறைகள் முழுவதும் சொற்களால் ஆனவை. அவற்றை வருணனைப் பனுவல்களாகக் கொண்டு, பொருள், வாசல், முன்னிலைக் கூற்று ஆகிய இடங்களில் இக்கட்டுரை வாசிக்க முயல்கிறது. கூற்று, கேட்போர், களன் என்னும் தொல்காப்பியச் செய்யுளியல் உறுப்புகள் இவ்வாசிப்புக்குக் கருவியாகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உலகம், லாம்ப்டாமூ, அறை வருணனை, நெடுநல்வாடை, கேட்போர்

பனுவலாக ஒரு வீடு

கணினிக்குள் ஓர் அறையைக் கட்டி அதில் நாற்காலியும் விளக்கும் இட்டு வைப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் படங்களிலிருந்தே தொடங்குகின்றனர். சுவரின் நிறம், தரையின் இழை, சாளரத்தின் ஒளி ஆகியனவே அவர்களுக்கு அறை. ஆயின் இத்தகைய உலகங்களுள் முன்னோடியான ஒன்றில் படமே இல்லை. அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவனத்துக்குரிய பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ், 1990இல் லாம்ப்டாமூவைத் தொடங்கினார். ஸ்டீபன் ஒயிட் எழுதிய மூ என்னும் நிரலே அதற்கு அடிப்படை. கலிபோர்னியாவில் தாம் வாழ்ந்த வீட்டை முன்மாதிரியாகக் கொண்டு கர்ட்டிஸ் அதன் மையப் பகுதியை எழுதினார். 'எழுதினார்' என்னும் சொல் இங்கு உருவகமன்று. புதிதாக வருபவர் மேலங்கிகள் தொங்கும் இருண்ட சிற்றறை ஒன்றில் தோன்றுவார்; கதவைத் திறந்தால் கூடம்; அங்கிருந்து பிற அறைகள். அத்தனையும் திரையில் ஓடும் உரைநடை.

இவ்வுலகில் கட்டுநர் என்னும் தகுதி பெற்ற எவரும் தமக்கென ஓர் அறையை உண்டாக்கலாம். 'தோண்டு' என்று பொருள்படும் ஆணை ஒன்று உண்டு. அதனைத் தட்டச்சு செய்து அறைக்குப் பெயரிட்டவுடன் அறை பிறந்துவிடும். தரவுத்தளத்தில் அதற்கு ஓர் எண்ணும் கிடைக்கும். ஆனால் அந்நிலையில் அறைக்குள் எதுவுமில்லை. அதனைப் பார்ப்பவருக்குச் சிறப்பாக எதுவும் தென்படவில்லை என்னும் பொதுவாசகமே விடையாக வரும். அடுத்து 'விவரி' என்று பொருள்படும் ஆணையால் உரிமையாளர் வருணனை எழுதியாக வேண்டும். கட்டுதலும் வருணித்தலும் ஒரே செயலின் இரு படிகளாக அமையும் இவ்விடத்தில் கட்டட ஆய்வாளரைக் காட்டிலும் இலக்கிய ஆய்வாளருக்கே வேலை மிகுதி. இருந்தும் இவ்வறைகளைச் சமூகவியலாளரும் சட்ட அறிஞரும் படித்த அளவுக்கு நாம் படிக்கவில்லை.

தமிழ் மரபுக்கு இது அயலான பொருளன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, ஓர் அரண்மனை எழுவதையே பாடலின் நடுப்பகுதியாகக் கொண்டது. நண்பகலில் நிழல் கொண்டு திசை குறித்து, நூலிட்டு மனைவகுத்த செய்தியை நக்கீரர் கூறுகிறார். நச்சினார்க்கினியர் அதனை விளக்கி உரைக்கிறார். பின் வாயில், முற்றம், கட்டில் என்று வருணனை உள்நோக்கிச் செல்கிறது. வெளியிலிருந்து உள்ளே நகரும் இவ்வரிசை, மேலங்கி அறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து தனியறைக்கும் செல்லும் லாம்ப்டாமூ வாசகரின் நடையோடு ஒப்புநோக்கத்தக்கது. அகம் என்னும் சொல் வீட்டையும் குறிக்கும் என்பதைக் கொண்டு மெய்நிகர் அறைகளை அகத்திணைக்குள் அடக்கிவிடும் எளிய முயற்சியை இக்கட்டுரை மேற்கொள்ளவில்லை. அத்தகைய ஒட்டுப்போடல் இரண்டையும் விளக்காது.

சொல்லப்பட்ட நாற்காலி, படைக்கப்பட்ட நாற்காலி

நெடுநல்வாடையில் கட்டிலும் கூரையும் ஒரே தன்மையுடையன, இரண்டும் சொல். லாம்ப்டாமூவில் அவ்வாறில்லை. அறையின் வருணனைக்குள் 'மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது' என்று உரிமையாளர் எழுதுவதாகக் கொள்வோம். வருகையாளர் அதனைப் படிக்கிறார். நாற்காலியைப் பார்க்க முனைந்து ஆணை இடுகிறார். அப்படியொரு நாற்காலி இங்கில்லை என்று கணினி விடையளிக்கிறது. ஏனெனில் அது வருணனைச் சொற்றொடரின் பகுதி மட்டுமே. அதனைப் பார்க்கவும் எடுக்கவும் இயல வேண்டுமெனில், நாற்காலியைத் தனிப்பொருளாகப் படைத்து, அதற்கும் வேறொரு வருணனை எழுத வேண்டும். ஆக ஒரே அறையில் இருவகை இருப்பு நிலவுகிறது: சொல்லப்பட்ட பொருள், படைக்கப்பட்ட பொருள். முன்னது சூழலைத் தருகிறது, கேட்டால் மறைந்துவிடுகிறது. பின்னது கேள்விக்கு விடை கூறுகிறது. ஆயின் வருணனையின் ஓட்டத்தில் கலவாமல், அதன் அடியில் பட்டியலாக நிற்கிறது.

நல்ல அறை எழுத்தாளர் யார் என்பதை இவ்விடத்திலேயே காணலாம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் வருணனைக்குள் திணிப்பவரின் அறை முதல் வாசிப்பில் செழிப்பாகத் தோன்றும்; இரண்டாம் ஆணையில் வெறும் சுவராகும். எல்லாவற்றையும் பொருளாகப் படைப்பவரின் அறை கிடங்கின் இருப்புப் பட்டியலைப் போன்று ஆகிவிடும். எதனைச் சொல்லோடு விடுவது, எதனைத் தொடத் தருவது என்னும் தெரிவே இங்கு அணிசெய்தல். கூடத்தில் இருக்கும் கொண்டை கொண்ட கிளி இதற்குச் சான்று. அதுவொரு படைக்கப்பட்ட பொருள். அங்கு பேசப்பட்டவற்றைப் பொறுக்கித் திரும்பச் சொல்லும். பேச்சு மிகுந்தால் அதன் வாயைக் கட்டவும் முடியும். வருணனையில் ஒருவரி எழுதிவிட்டுப் போயிருந்தால் அக்கிளி அலங்காரமாக மட்டும் நின்றிருக்கும். பிறர் சொற்களைத் திருப்பித் தருவதால் அது அறையின் நினைவாகிறது.

இத்தெரிவுக்குப் பொருளியல் பின்னணியும் உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் கணினி நினைவகத்தில் ஓர் ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டிருந்தது. கூடுதல் ஒதுக்கீடு கோருவோரின் விண்ணப்பத்தை ஆராயக் கட்டடக்கலை மறுஆய்வுக் குழு என்று பெயரிய பயனர் குழு ஒன்றும் இயங்கியது. நாற்காலி ஒன்றைப் படைப்பது பொதுச்சொத்தில் ஒரு பங்கைச் செலவிடுவதாகும். எனவே சொற்சிக்கனம் இங்கு நடைப்பண்பு மட்டுமன்று, சமூக ஒழுங்குமாகும். வருணனை நீளலாமா என்பதை அண்டையர் குழுவொன்று தீர்மானிக்கும் நிலை நம் இலக்கண நூல்கள் எண்ணிப் பாராதது.

ஒரு வாசலுக்கு ஆறு வாசகம்

அறையைக் கட்டியபின் அதற்கு வழி வேண்டும். பிறருக்குரிய அறையிலிருந்து நம் அறைக்குக் கதவு வைக்க வேண்டுமாயின் அவ்வறைக்குரியவர் அதனை ஏற்றுத் தம் அறையோடு இணைக்க வேண்டும். இசைவு கிட்டாத அறை எவ்வழியும் இன்றித் தனித்துக் கிடக்கும். எண்ணை அறிந்தவர் மட்டும் நேராக அதனுள் தாவலாம். அதேபோல் ஓர் அறையைத் தம் இல்லமாக அறிவிக்க விரும்புவோருக்கும் அறைக்குரியவரின் ஒப்புதல் தேவை. கட்டுவதற்கு இடத்தட்டுப்பாடு இல்லாத உலகத்தில் மனிதர் முதலில் உண்டாக்கிக்கொண்ட ஒழுங்கு அண்டைவீட்டாரின் இசைவு என்பது சிந்தனைக்குரியது.

வாசலின் அமைப்பே இவ்வுலகின் மிகச் சிறந்த இலக்கியக் கண்டுபிடிப்பு எனத் துணிந்து கூறலாம். ஒரு வாசலுக்கு ஆறு வாசகங்களை எழுத இடமுண்டு. வெளியேறுபவர் காண்பது ஒன்று. அவர் நீங்கும் அறையில் எஞ்சியிருப்போர் காண்பது ஒன்று. புதிய அறையில் நுழைபவர் காண்பது வேறு. அங்கு முன்னரே இருப்போர் காண்பது வேறு. வழி மறுக்கப்பட்டால் மறுக்கப்பட்டவருக்கு ஒன்று, அதனைப் பார்த்திருப்போருக்கு ஒன்று. ஒரே நிகழ்ச்சி, கேட்போர் பலர், ஒவ்வொருவருக்கும் வேறு கூற்று.

இதனை விளக்க மேலைக் கதையாடலியலைக் காட்டிலும் தொல்காப்பியச் செய்யுளியல் நமக்கு நெருக்கமான சொற்களைத் தருகிறது. செய்யுள் உறுப்புகளுள் கூற்றோடு கேட்போரையும் களனையும் தனித்தனியே எண்ணுகிறது தொல்காப்பியம். யார் சொன்னது என்று அறிந்தால் போதாது, யார் கேட்க, எங்கே சொன்னது என்பதும் பாடலின் உறுப்பு என்பது அதன் துணிபு. லாம்ப்டாமூவின் கதவை எழுதுபவர் இம்மூன்றையும் ஒருங்கே கருதாவிடில் கதவு பழுதாகும். 'நீங்கள் தலைகுனிந்து நுழைகிறீர்கள்' என்பது நுழைபவருக்குப் பொருந்தும்; உள்ளிருப்பவருக்கும் அதே தொடர் சென்றால் அவர் குழம்புவார். இங்குக் கேட்போர் வேறுபாட்டை நிரலே வலியுறுத்துகிறது.

முன்னிலையின் அதிகாரம்

அறை வருணனைகளில் மிகப் பரவலான வழக்கு முன்னிலைக் கூற்று. 'மெல்லிய ஈரம் உங்கள் காலைத் தொடுகிறது. மனம் அடங்குகிறது' என்பன போன்ற தொடர்களைப் புதிய எழுத்தாளர் விரும்பி எழுதுவர். வருகையாளரின் மனம் அடங்கியதா என்று எவரும் கேட்பதில்லை. அறைக்குரியவர் தம் சொல்லால் வந்தவரின் உடலுக்கும் உணர்வுக்கும் உரிமை கொள்கிறார். விருந்தோம்பலின் மொழியில் வருவதால் இவ்வுரிமை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அது தெரிந்த இடம் ஒன்றுண்டு. லாம்ப்டாமூவின் கூடத்தில் நிகழ்ந்த வன்முறை பற்றி ஜூலியன் டிபெல் எழுதிய நெடுங்கட்டுரை 1993 டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் வெளிவந்தது. பங்கிள் என்னும் புனைபெயருடைய பயனர், சூனியப் பொம்மை எனப்பட்ட நிரற்பொருளைக் கொண்டு, பிற பயனர்கள் தாமே இழிசெயல் புரிவது போன்ற வாசகங்களைக் கூடத்திலிருந்தோர் அனைவரும் படிக்கும்படி செய்தார். பெயருக்குரியவர்கள் அவற்றைச் செய்யவில்லை. அவர்கள் பெயரில் வாக்கியம் மட்டும் ஓடியது. அக்கொடுமை உண்மையா புனைவா என்னும் விவாதம் நெடிது நடந்தது. அதன் தொடர்ச்சியாகப் பயனர் வாக்கெடுப்பு முறையும் அவ்வுலகில் வந்தது.

இந்நிகழ்ச்சியைச் சட்டத்துக்கும் உளவியலுக்கும் விட்டுவிடுவது போதாது. இலக்கண நோக்கில் அது பிறர் பெயரை எழுவாயாக்கி, அவரது இசைவின்றிப் பயனிலை எழுதிய செயல். அறை வருணனையின் இனிய முன்னிலையும் இதே இலக்கணத்தையே பயன்படுத்துகிறது. இரண்டும் ஒன்று என்பது என் வாதமன்று. ஒன்று வரவேற்பு, மற்றொன்று வன்முறை. நோக்கமும் விளைவும் வேறு. ஆயினும் முன்னதில் பழகிய உலகமாதலின் பின்னதைத் தடுக்கும் சொல் அதனிடம் உடனே இல்லாது போயிற்று. எனவே பொருள்களை மட்டும் கூறி, அவற்றை எவ்வாறு உணர்வது என்பதை வந்தவரிடமே விடும் வருணனையை உயர்வாகக் கருதுகிறேன். இது சுவை பற்றிய தீர்ப்பு மட்டுமன்று. நக்கீரர் கட்டிலின் தந்தத்தையும் விதானத்தின் ஓவியத்தையும் கூறுகிறார். கேட்பவர் எவ்வாறு உணர வேண்டும் என்று ஓரிடத்தும் கூறவில்லை.

காட்சி அறைகள்

2003இல் வெளிவந்த செகண்ட் லைஃப் உலகில் சொல்லின் இடத்தை வடிவங்கள் பிடித்தன. பிரிம் எனப்படும் அடிப்படை வடிவங்களை நீட்டியும் துளைத்தும் இணைத்தும் சுவரும் மேசையும் செய்யப்பட்டன. தொடக்கக் கால அளவின்படி 512 சதுர மீட்டர் நிலத்தில் 117 பிரிம்களே அடங்கும். ஒதுக்கீட்டின் கட்டுப்பாடு மாறவில்லை. அலகு மட்டும் மாறியது. பயனர் படைத்தவற்றின் அறிவுசார் உரிமை பயனருக்கே என்று லிண்டன் லேப் நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்ததும் அறைகலன் சரக்காயிற்று. தோளுக்குப் பின்னும் மேலும் நிற்கும் கேமரா இடிக்காதிருக்கக் கூரைகள் மிக உயரமாகக் கட்டப்பட்டன. பசியில்லாத உடல்களுக்குச் சமையலறைகளும் எழுந்தன. அங்கு வீடமைத்துத் தங்கி ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப் 2008இல் வெளியிட்ட நூல் இவ்வாழ்க்கையை விரிவாகப் பதிந்துள்ளது.

2020 மார்ச்சில் நிண்டெண்டோ வெளியிட்ட அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாட்டில் விமர்சகரும் நிரலாகிவிட்டார். மகிழ்மனைக் கழகம் என்று பொருள்படும் பெயர்கொண்ட அமைப்பொன்று வீட்டின் அணியைப் புள்ளியிட்டு மதிப்பிட்டு ஞாயிறுதோறும் கடிதம் அனுப்புகிறது. ஒரே தொகுதியைச் சேர்ந்த பொருள்களை நிரப்பினால் புள்ளி கூடும். லாம்ப்டாமூவின் மறுஆய்வுக் குழுவினரோடு வாதாடலாம்; இக்கடிதத்தோடு வாதாட இயலாது.

உறங்கும் உரிமையாளர்

லாம்ப்டாமூவில் இணைப்பைத் துண்டித்துச் செல்பவரின் உடல் மறைவதில்லை. உறங்குவதாகக் காட்டப்பட்டு அங்கேயே கிடக்கிறது. வேறிடத்தில் கிடப்போரைப் பின்னர் வீட்டுப் பணியாளர் என்னும் நிரற்பாத்திரம் எடுத்துச்சென்று அவரவர் இல்லத்தில் சேர்க்கிறது. ஆதலின் பிறர் அறைக்குள் நுழையும் வாசகர் பெரும்பாலும் காண்பது, கவனமாக எழுதப்பட்ட ஓர் அறையும் அதனுள் விடைதராத உரிமையாளரும் ஆகும். வருணனையின் ஒவ்வொரு பொருளும் வருவோரை நோக்கிப் பேசுகிறது. வரவேற்க வேண்டியவரோ உறக்கத்தில் இருக்கிறார். நெடுநல்வாடையின் கட்டிலும் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தாலாயது. மென்மையான படுக்கை விரிக்கப்பட்டது. அதன்மேல் உறக்கமின்றி அமர்ந்திருக்கும் அரசி விதானத்தில் தீட்டிய திங்களையும் உரோகிணியையும் நோக்குகிறாள். அரசன் பாசறையில் இருக்கிறான்.